அப்பா வேலை பார்த்த கொட்டகையை அளந்தபோது

மதுரையிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். 2014ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், அங்கே மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த திரையரங்கைத் திறந்து, கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி அதன் உரிமையாளர் குடும்பத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் கட்டடப் பொறியாளன். அதே திரையரங்கில் 1960 முதல் 2004 வரை படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர் என் தந்தை. தொழிலும் பிறப்பும் ஒரே வாசலில் வந்து நின்ற அந்த வேலையில் நான் தவறியவை சில உண்டு. பின்னர் தேனி மாவட்டத்தில் இன்னொரு பழைய திரையரங்கைக் காப்பாற்றும் வாய்ப்பு வந்தபோது அந்தத் தவறுகளே எனக்கு வழிகாட்டின. தங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் திரையரங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும், அப்படியொரு கட்டடத்தைப் பாகத்தில் பெற்றுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஊரில் எவரும் அதைத் திரையரங்கு என்று சொன்னதில்லை. 1958இல் நிரந்தரக் கட்டடம் எழும்புவதற்கு முன் அதே மனையில் டூரிங் டாக்கீஸ் நடந்ததால், கல்லும் சிமென்ட்டுமாக மாறிய பிறகும் கொட்டகை என்ற பெயரே நிலைத்துவிட்டது. தெருவிலிருந்து பார்த்தால் மூன்று மாடி உயர முகப்பு, நடுவில் செங்குத்தாக மேலெழும் மூன்று பட்டைகள், சிமென்ட்டில் வார்த்த பெயர் எழுத்துகள், பால்கனி மாடிப்படிக்கு வெளிச்சம் தரும் பூவேலைச் சல்லடைகள் என்று அந்தக் காலத்துக்கே உரிய தோற்றம் கொண்டது. அந்த முகப்பு ஒரு மறைப்புச் சுவர் என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது ஐம்பதடி அகலமுள்ள, நடுவில் ஒரு தூண்கூட இல்லாத, ட்ரஸ் எனப்படும் இரும்பு முக்கோணச் சட்டங்களின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த நீண்ட கூடம் மட்டுமே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட பெரும்பாலான திரையரங்குகளின் உடலமைப்பு இதுதான்.

எழுபத்தேழு வயதில் இருந்த அப்பாவும் அன்று உடன் வந்தார். படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டே, "மூணாவது படியைப் பாத்து வாய்யா, அது எப்பவும் ஆடும்" என்றார். அந்தப் படி அப்படியே ஆடியது. நேராகப் புரொஜெக்டர் அறையான கேபினுக்குப் போனவர், இரண்டு புரொஜெக்டர்களும் இருந்த இடத்தில் தரையில் பதிந்திருந்த போல்ட்டுகளை மட்டும் பார்த்தார். இயந்திரங்கள் ஏற்கெனவே எடைக்குப் போயிருந்தன. படத்துக்கு ஒளி தரும் கார்பன் குச்சிகள் எரியும்போது எழும் புகையை வெளியேற்ற, விளக்குப் பெட்டியான லாம்ப் ஹவுஸிலிருந்து கூரை வரை போகும் தகரக் குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முகப்புப் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவரு ஒருநாளும் நனைஞ்சதில்லையே" என்றார்.

நான் அன்று முழுவதும் அளவெடுத்துக் கண்டுபிடித்த எதையும்விட அந்த ஒரு வாக்கியம் முக்கியமானது என்பதை, கூரை விழுந்த பிறகே முழுமையாக உணர்ந்தேன். சரிவான கூரையைத் தெருவிலிருந்து மறைக்க உயர்ந்த முகப்பு எழுப்பப்படுகிறபோது, கூரைச் சரிவும் முகப்புச் சுவரின் பின்புறமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மழைநீர்க் காவாய் அமைய வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் அதைக் கட்டர் என்போம். தெருவில் நிற்பவருக்கும் தெரியாமல், கூடத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் அது ஒளிந்திருக்கிறது. பக்கத்து வேப்பமரத்துச் சருகும் புழுதியும் அதில் சேர்ந்து வடிகுழாயை அடைத்துக்கொண்டால், மழைநீர் தேங்கிச் சுவருக்குள் இறங்குகிறது. பறவை எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைத்து, வேரைச் சுண்ணாம்புக் காரைக்குள் செலுத்துகிறது. சுவரில் பதிந்திருக்கும் ட்ரஸ்களின் முனைகள் ஈரத்தில் துருப்பிடிக்கத் தொடங்குகின்றன. வெளியே பார்க்கக் கம்பீரமாக நிற்கும் கட்டடத்தின் நோய் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

திரையரங்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், அடைமழை தொடங்குவதற்கு முன் மேனேஜர் இரண்டு ஆட்களை மேலே ஏற்றி அந்தக் காவாயைச் சுத்தம் செய்ய வைப்பாராம். அப்பா ஒவ்வொரு முறையும் உடன் ஏறியிருக்கிறார். இரண்டு ஆள் கூலி, ஒரு நாள் வேலை, அவ்வளவுதான் செலவு. 2011இல் படம் ஓட்டுவது நின்றபோது அந்த ஒரு நாள் வேலையும் நின்றுபோயிற்று.

உரிமம் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் திரையரங்குகள் 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1957ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. சி பாரம் என்று எல்லோரும் சொல்லும் அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கட்டட உறுதிக்கும், மின் இணைப்புக்கும், தீயணைப்புக்கும், சுகாதாரத்துக்கும் தனித்தனியே சான்று வாங்க வேண்டும். உரிமையாளர்கள் இதைப் பெரும் தொல்லையாகவே பேசுவார்கள், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனாலும் ஒரு கட்டடத்தை வெளியார் ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடாகவும் அது இருந்தது. உரிமம் காலாவதியானதும் அந்தக் கண்ணும் மூடிக்கொள்கிறது. உரிமத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கிறவர்கள், அந்த ஆண்டிலிருந்து கட்டடத்தைத் தாமே ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பொறியாளரைக் கொண்டு பார்க்க வைப்பது என்று அதே நாளில் முடிவெடுத்துக்கொள்வது நல்லது. உரிமக் கோப்பில் இருக்கும் பழைய வரைபடத்தையும் அப்போதே படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கொட்டகையின் 1958ஆம் ஆண்டு வரைபடம் மேனேஜர் அறையின் தகரப் பெட்டிக்குள் சுருளாகவே இருந்தது. விரித்தபோது அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

வரைபடம் இல்லாததால் கூடத்தைப் புதிதாக அளந்தோம். இரண்டு நாள்களில், நானும் என் உதவியாளர்கள் இருவரும், ஓர் அளவு நாடாவும் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலும் கொண்டு முழு அளவையும் முடித்தோம். எந்தக் கட்டடத்தையும் இப்படி ஆவணப்படுத்த இவ்வளவே போதும். பெரிய கருவிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தரைச் சரிவு எவ்வளவு, பால்கனியின் படிகள் எத்தனை, டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போகும் சந்தின் அகலம் எவ்வளவு என்பதையெல்லாம் குறித்தோம். அந்தச் சந்து ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடியது. மேலே ஏறிக் குதித்து முன்னால் போய்விடாதபடி அதன் கூரையிலும் கம்பி அடித்திருந்தார்கள். தரை டிக்கெட்டுக்கு ஒரு சந்து, பெஞ்சுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியே ஒன்று. பால்கனிக்குச் சந்து கிடையாது, வராந்தாவில் நின்று வாங்கிக்கொள்ளலாம். யார் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதைக் கட்டடமே வகுத்து வைத்திருந்தது. எங்கள் ஊரின் சமூக வரலாற்றை எழுத முனைகிறவர் யாராக இருந்தாலும், அந்த மூன்று சந்துகளின் வரைபடத்தை நான் அவரிடம் கொடுப்பேன்.

கேபினை அளந்தபோதுதான் கட்டடத்தின் மிக உறுதியான பகுதி அதுவே என்று புரிந்தது. 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. எங்கள் கொட்டகை கட்டப்பட்டபோது ஆபத்துக் குறைந்த ஃபிலிம் வந்துவிட்டது என்றாலும், விதிகள் பழைய அச்சத்தோடுதான் எழுதப்பட்டிருந்தன. எனவே தடித்த சுவரும், கான்கிரீட் தளமும், ஒளி செல்லும் துளைகளுக்கு இரும்பு ஷட்டரும் கொண்ட ஒரு பெட்டியாகவே கேபினைக் கட்டியிருந்தார்கள். பழைய திரையரங்கை வேறு பயனுக்கு மாற்ற நினைக்கிறவர்கள், மின் பலகையையும் ஆவணங்களையும் வைப்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான அறை வேறு கிடைக்காது என்பதை மனத்தில் கொள்ளலாம்.

நான் பதினான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ட்ரஸ்களில் எட்டு நல்ல நிலையில் இருக்கின்றன, முகப்பை ஒட்டிய இரண்டு மட்டும் முனையில் துருப்பிடித்திருக்கின்றன, அரசங்கன்றை வேரோடு எடுத்துவிட்டுக் காவாயைப் புதிதாக அமைத்தால் கட்டடம் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும் என்று எழுதியிருந்தேன். அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் அறிக்கையை ஒப்படைத்ததோடு என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டதுதான் நான் செய்த தவறு. குடும்பத்தில் ஐந்து பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் வெளிநாட்டில் என்று சிதறியிருந்தார்கள். விற்கலாம் என்றார்கள் சிலர், கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்றார் ஒருவர். ஊரிலேயே இருந்த மூத்த மகள், "அப்பா பேரு இருக்குற முகப்பையாவது விட்டுவைங்க அண்ணே" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பேச்சு பத்தொன்பது மாதம் நீண்டது. இந்தப் பத்தொன்பது மாதங்களுக்கும் கூரை காத்திருக்காது என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இறுதி முடிவு எதுவாக இருந்தாலும் சரி, முதலில் இரண்டு ஆட்களை ஏற்றிக் காவாயைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு தார்ப்பாயையாவது போடுவோம் என்று வற்புறுத்தியிருக்க வேண்டும். அதற்கு எவருடைய கையெழுத்தும் தேவைப்பட்டிருக்காது. செலவை நானே கொடுத்திருக்கலாம்.

2015 நவம்பர் மழையில் முகப்பை ஒட்டிய கூரைப் பகுதி விழுந்தது. நல்லவேளையாக உள்ளே ஒருவரும் இல்லை. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. கட்டடம் ஆபத்தானது என்று அறிவிப்பு வந்தது. பத்தொன்பது மாதம் உடன்படாத பங்குதாரர்கள் ஒரே வாரத்தில் இடிப்பதற்கு உடன்பட்டார்கள். பழைய கட்டடம் இடிக்கும் ஒப்பந்தக்காரர், ட்ரஸ் இரும்பையும் தேக்கு நிலைகளையும் தாமே எடுத்துக்கொண்டு உரிமையாளருக்குப் பணம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரும்பு அதிகமிருக்கும் திரையரங்கு அவர்களுக்கு விருப்பமான கட்டடம்.

இடிக்கும்போது நடந்த ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். ஷீட்டைக் கழற்ற மேலே ஏறிய தொழிலாளி ஒருவர், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் மேல் கால் வைக்காமல் ஷீட்டின் நடுவில் வைத்ததில் அது உடைந்து, தொடை வரை உள்ளே இறங்கிவிட்டார். இன்னொருவர் பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பினார், கால் எலும்பு முறிந்தது. அறுபது ஆண்டு வெயில் குடித்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, பர்லின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அதன் தூளில் இருக்கிறது. ஷீட்டை உடைத்துக் கீழே தள்ளினால் பறக்கும் நார்த்துகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளைக் கழற்றி, முழு ஷீட்டாகவே இறக்க வேண்டும். துண்டு கட்டிக்கொண்டால் போதாது, உரிய முகக்கவசம் வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே சேர்க்காவிட்டால் ஒருவரும் செய்வதில்லை.

நாங்கள் எடுத்து வைத்தது கொஞ்சம். கேபின் அலமாரியில் விளம்பரக் கண்ணாடிச் சிலைடுகள் அறுபத்து மூன்று கிடைத்தன. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் உரக்கடையும் கையால் எழுதித் தந்தவை, நடுவே "புகை பிடிக்காதீர்" ஒன்று, "இடைவேளை" ஒன்று. ஒரு லென்ஸை அப்பா எடுத்து வைத்திருந்தார். இழந்தவற்றுள் என்னை இன்றும் வருத்துவது டி.சி.ஆர். என்னும் தினசரி வசூல் பதிவேடுகள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு காட்சிக்கும் எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் விற்றது, கேளிக்கை வரி எவ்வளவு என்று எழுதிய பதிவேடுகள் அவை. நான் அளவெடுத்த நாளில் மேனேஜர் அறையில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவந்தேன். இடிப்பதற்கு முந்திய வாரம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. தமிழ் அச்சுப் பொருள்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்கு அப்போதே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். ஃபிலிம் சுருள்கள் கிடைத்தால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேட்கலாம். டப்பாவைத் திறந்ததும் காடி வாடை வந்தால் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள், காலம் கடத்தக் கூடாது.

இடித்த மனையில் ஏதாவது உடனே எழும்பியதா என்றால், இல்லை. இன்று வரை அங்கே லாரிகள் நிற்கின்றன. சென்னை அண்ணா சாலையில் 1964இல் திறக்கப்பட்ட சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என்னும் மூன்று அரங்குகளும் ஒரே வளாகத்தில் அமைந்து நாடெங்கும் பேசப்பட்டவை. இடிக்கப்பட்ட பின் அந்த இடமும் பல ஆண்டுகள் வெற்று நிலமாகவே கிடந்தது. இடித்த மறுநாளே பணம் வந்துவிடும் என்ற எண்ணத்தில் அவசரப்படுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர் 2,563 இருக்கைகள் கொண்டது. நான் மதுரையில் படித்த 1980களில் அங்கே படம் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய கூடத்தை நிரப்பும் கூட்டம் இனி எந்தப் படத்துக்கும் நாள்தோறும் வராது என்ற நிலை வந்தபோது அதன் அளவே அதற்குப் பாரமாகிவிட்டது. இன்று அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடை இருக்கிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்து, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோயம்புத்தூரில் நிறுவிய வெரைட்டி ஹால், பின்னர் டிலைட் என்ற பெயரில் நெடுங்காலம் ஓடியது. அதுவும் அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டு, சாலையின் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 1913இல் வார்விக் மேஜர் என்பவர் சென்னை மவுண்ட் ரோட்டில் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் நூறாண்டு கடந்து இன்னும் நிற்பதற்கான காரணம் தெளிவாகிறது. அது படம் காட்டியது சில ஆண்டுகளே. அஞ்சல் துறை அதை வாங்கித் தன் வளாகத்தோடு சேர்த்துக்கொண்டது, இன்று அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் வந்துபோகும் இடமாக அண்ணா சாலைத் தபால் நிலையத்தில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் நிற்காததால், அதன் கூரையில் ஒழுகினால் மறுநாளே ஒருவருக்குத் தெரிந்துவிடும். பழைய திரையரங்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கச் சொல்லிக் கேட்கும் நண்பர்களிடம் நான் எப்போதும் இந்தக் கட்டடத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அறிவிப்பு வந்தால் நல்லது, ஆனால் அன்றாடம் யாராவது கதவைத் திறக்கும்படியான ஒரு வேலை அந்தக் கட்டடத்துக்குக் கிடைப்பதுதான் முதல் தேவை.

தேனி மாவட்டத்துத் திரையரங்கு 2018இல் என்னிடம் வந்தபோது, அங்கே எனக்குச் சாதகமாக இருந்தது ஒன்று, உரிமையாளர் ஒருவரே என்பது. ஃபிலிம் பிரதிகள் வருவது நின்றுபோன 2013இல் அவர் அரங்கை மூடியிருந்தார். டிஜிட்டல் கருவிக்கு மாறும் செலவு அவர் ஊர் வசூலுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதைக் கல்யாண மண்டபமாக மாற்ற முடியுமா என்று கேட்டார். நான் முதல் நாளே ஆட்களை ஏற்றிக் காவாயைச் சுத்தம் செய்தேன், பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். இரண்டாம் நாள் பதிவேடுகளையும் வரைபடத்தையும் வாங்கிப் படியெடுத்தேன்.

திரையரங்கை மண்டபமாக்கும்போது முதல் கேள்வி சரிவான தரையை என்ன செய்வது என்பதே. அந்தக் கூடம் தொண்ணூற்றாறு அடி நீளம், நாற்பத்தெட்டு அடி அகலம். பின்வாசலுக்கும் திரைக்கும் இடையே தரை நாலரை அடி இறங்கியது. எல்லோரும் செய்வது போல மண் கொட்டி நிரவினால் நூற்று நான்கு யூனிட் மண் வேண்டும் (ஒரு யூனிட் நூறு கன அடி). கெட்டிப்படுத்துவதையும் கணக்கிட்டால் மூன்று யூனிட் டிப்பரில் நாற்பது லோடுக்கு மேல் ஆகும். செலவைவிடப் பெரிய சிக்கல்கள் இரண்டு. நாலரை அடி மண்ணின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும்படி அந்தச் சுவர்கள் கட்டப்பட்டவை அல்ல. திரைக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர வழிக் கதவுகளும் பாதி உயரம் புதைந்து, ஆள் குனிந்து போகவேண்டிய துளைகளாகிவிடும். திரைக்கு முன்னால் இருந்த மேடையும் தரையோடு தரையாகிவிடும்.

எனவே நடுப்புள்ளியை நிலையாக வைத்து, பின்பாதியை வெட்டி, அந்த மண்ணையே முன்பாதியில் நிரப்பினோம். இருபத்தாறு யூனிட்டுக்கும் குறைவான மண்தான் இடம் மாறியது. மேற்பரப்புக்கு வேண்டிய கிராவலுக்காக வந்த நான்கு லோடு தவிர வெளியிலிருந்து மண் வரவில்லை. பின்சுவரின் அடித்தளம் வெளியே தெரிந்துவிடாதபடி சுவரிலிருந்து ஆறடி விட்டுத்தான் வெட்டினோம். அந்த ஆறடியும் பந்திக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் உயரத் திண்ணையாக அமைந்துவிட்டது. அங்கிருந்து கூடத்துக்கு இறங்கப் படிகளோடு, முதியவர்களுக்காக இருபத்தேழு அடி நீளச் சாய்தளமும் அமைத்தோம். திரைப் பக்கத்துக் கதவுகளின் மேல் விட்டத்தை மட்டும் உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது.

திரையரங்குச் சுவரில் ஜன்னல் கிடையாது, மண்டபத்துக்கு அது இல்லாமல் முடியாது. ட்ரஸ் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே ஒருபோதும் உடைக்கக் கூடாது. இரண்டு ட்ரஸ்களுக்கு இடைப்பட்ட சுவரில், ஒன்றுவிட்டு ஒன்றாக, மேல் விட்டத்தை முதலில் செருகி அது இறுகிய பிறகே கீழே உடைத்தோம். ஆஸ்பெஸ்டாஸை இறக்கிவிட்டு வண்ணத் தகடு போட்டோம். அது எடை குறைந்தது, ஆதலால் காற்று தூக்கிவிடாதபடி ட்ரஸ்களைச் சுவரோடு கூடுதலாகப் பிணைக்க வேண்டும். இந்தப் பிணைப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கரையான் அரித்த பழைய நார் அட்டைகளைச் சுவரிலிருந்து நீக்கியதும், நாதஸ்வரமும் தவிலும் எதிரொலித்துக் காது வலிக்கும் என்பது கை தட்டிப் பார்த்தபோதே தெரிந்தது. மேல்சுவரில் தென்னை நார்ப் பாய்களைச் சட்டமடித்துப் பொருத்தியதில் அது பெருமளவு அடங்கியது.

அனுமதிகளுக்கு அலைந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். பயன்பாட்டு மாற்றத்துக்கு 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி வேண்டும். பொதுமக்கள் கூடும் இடம் என்பதால் 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டமும் பொருந்தும். வண்டி நிறுத்தும் இடம்தான் பெரும்பாலோருக்குத் தடையாக இருக்கிறது. பழைய சைக்கிள் ஸ்டாண்டை அவர் விற்காமல் வைத்திருந்தது எங்களைக் காப்பாற்றியது. திரையரங்கு மனையின் ஓரத்தை முதலில் விற்றுவிட்டுப் பிறகு கட்டடத்துக்கு வழி தேடுகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 2020 பொதுமுடக்கத்தில் வேலை பல மாதங்கள் நின்றது. 2021 ஆவணியில் முதல் திருமணம் நடந்தது. முகப்பும், சிமென்ட் எழுத்துகளில் இருந்த பழைய பெயரும் அப்படியே இருக்கின்றன. கேபின் இன்று மின் பலகை அறையாக இருக்கிறது. ஒளித் துளைகளை அடைக்கவில்லை, கல்யாணத்தை வீடியோ எடுக்கிறவர்கள் அவற்றின் வழியே கூடம் முழுவதையும் படம் பிடிக்கிறார்கள். அப்பா வைத்திருந்த லென்ஸை அவருடைய விருப்பப்படி அந்த அறையின் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பொருத்தியிருக்கிறோம்.

மண்டபக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு ஆள் கூலி என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. போன புரட்டாசியிலும் நான் போயிருந்தேன். காவாயிலிருந்து இரண்டு கூடை வேப்பஞ்சருகும், வடிகுழாயின் வாயில் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த ஓர் அரசங்கன்றும் இறங்கின.